மலர் விட்டுவிட்ட பி ஃப்ளாட்

டொக்... டொக்... டொக்.

மன்னார்குடியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் சாயங்காலம் ஆனால் இந்தச் சத்தம்தான். யுகுலேலே என்கிற குட்டி கிட்டாரின் கம்பியைச் சரியாக அழுத்தாவிட்டால் இப்படித்தான் உயிரில்லாமல் கேட்கும்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். என் மனைவி மலர் ஒரு நர்சரி ஸ்கூலில் யுகேஜி டீச்சர். குழந்தைகளுக்கு ரைம்ஸ் சொல்லிக்கொடுக்கலாம் என்று யுகுலேலே வாங்கி, வீடியோ பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். நாலு கம்பியையும் ஒன்றாக மீட்டும் சுரக்கூட்டுக்குக் கார்டு என்று பெயர். மற்ற கார்டெல்லாம் இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. பி ஃப்ளாட் என்ற கார்டு மட்டும் வரவில்லை. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து இரண்டு கம்பியைச் சேர்த்து அழுத்த வேண்டும். அதை விடாமல், இன்னும் இரண்டு விரல் தனித்தனிக் கம்பியில் நிற்க வேண்டும். ஆண்டு விழாவில் குழந்தைகள் பாட, மலர் வாசிப்பதாக ஏற்பாடு. அந்தப் பாட்டில் பி ஃப்ளாட் நாலு இடத்தில் வந்தது.

இடது கை விரல் நுனியெல்லாம் கன்றிப்போய், பாத்திரம் தேய்க்கும்போது சோப்புத் தண்ணீர் பட்டு எரியும். நான் தேய்க்கிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

எனக்கு விதைக் கம்பெனியில் வேலை. சம்பாவுக்கு நாற்று விடும் நேரம், போன் ஓயாது. சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வேன். அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்திலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அக்கா வாசிக்கச் சொன்னாள். மலர் வேண்டாம் என்றுதான் சொன்னாள். நான்தான் எடுத்துவந்து கையில் கொடுத்தேன்.

நன்றாகத்தான் போனது. அந்த இடம் வந்ததும்... டொக். நிறுத்தி, விரலை எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் அதே.

"நம்ம வாய்க்கா தவளை இதைவிட நல்லா வாசிக்கும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மலரும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவில்லை. ஆண்டு விழாவில் குழந்தைகள் செல்போன் பாட்டுக்கு ஆடினார்கள் என்று சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், வீடு அமைதியானது எனக்கு நிம்மதியாக இருந்தது.

பதினோரு வருடம் போய்விட்டது...

போன மாதம் ஒரு வேலையை விட்டு இன்னொன்றில் சேர்வதற்கு நடுவில் வீட்டில் இருந்தேன். அலமாரியை ஒழித்தபோது யுகுலேலே கிடைத்தது. கும்பகோணத்தில் புதுக் கம்பி வாங்கி மாட்டி, நானும் வீடியோ பார்த்து ஆரம்பித்தேன். பதினைந்து நாள் முட்டி மோதியும் பி ஃப்ளாட் வரவில்லை. விரல் வலித்தபோதுதான் அன்று எதைப் பார்த்துச் சிரித்தேன் என்று உறைத்தது.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மலரிடம் போய், அன்று அப்படிச் சொன்னது தப்பு என்றேன். என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை.

"அன்னைக்குக் காலையிலதாங்க மொத தடவையா சரியா வந்துச்சு. நீங்க கறி வாங்கப் போயிருந்தீங்க. அவங்கள்லாம் கெளம்புனதும் உங்களுக்கு மட்டும் வாசிச்சுக் காட்டலாம்னு இருந்தேன்."

இப்போது வாசியேன் என்று யுகுலேலேயை நீட்டினேன். வாங்கிக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். விரலை அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தாள்.

"மறந்துபோச்சுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, அடுத்த விடைத்தாளை எடுத்தாள்.

அந்த மன்னார்குடி வாடகை வீட்டில் இருந்தது இரண்டே அறை. கதவைச் சாத்தினாலும் அவள் என்ன செய்கிறாள் என்று காதில் விழும். இப்போது சொந்த வீடு. நான் மாடியில், அவள் கீழே. சாப்பிடக் கூப்பிடுவதுகூட வாட்ஸப்பில்தான்.

நேற்று சாயங்காலம் எனக்கு பி ஃப்ளாட் வந்துவிட்டது. நாலு கம்பியும் சுத்தமாகக் கேட்டது. மாடிப்படி வரை ஓடினேன். கீழே மலர் யாரோ ஒரு டீச்சரோடு போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

இதை அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.