பேராயர் பஸ்ஸில் வந்த ஞாயிறு

என் தலையில் கை வைத்து எனக்குக் குருப்பட்டம் தந்தவர் அவர். பொம்பளைக்கு எதற்கு அங்கி என்று சிலர் முணுமுணுத்தபோது, "கை வைக்கப் போறது நான்தானேங்க" என்று சிரித்தபடியே அவர்கள் வாயை அடைத்தார். பிரம்மதேசம் கிராமத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட தாயின் மகன். பள்ளி வாத்தியாராக இருந்து, பிறகு இறையியல் படித்து, ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து ஊழியம் செய்து, தலை நரைத்த பிறகு பேராயரானவர். அவர் என்னை மரக்காணத்துக்கு ஆயராக அனுப்பியபோது சந்தோஷமாகப் போனேன்.

சபையில் பாதிப் பேர் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர்கள். குடிக்கத் தண்ணீரும் வெயிலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகையும் கேட்டு மனு கொடுக்கப் போன பெண்களோடு நானும் தாலுகா ஆபீசுக்குப் போனேன். உப்பள முதலாளி ஒருவர் எங்கள் சபைக் கமிட்டியில் இருந்தார். மறு மாதமே எனக்கு மாற்றல் வந்தது. காரணம் கேட்கப் போனேன். பேராயர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போய்ட்டு வாம்மா" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும், பேராயருக்காக ஜெபிக்கிற இடம் வந்தால் வேகமாகப் படித்துக் கடந்துவிடுவேன்.

அவர் ஓய்வுபெற்ற மறு வருஷம், ஒரு நாள் ஆராதனை முடிந்து வாசலில் நின்றிருந்தேன். கடைசி ஆளாக அவர் வந்தார். இரண்டு பஸ் மாறி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அந்த மொதலாளி சபை மேல கேஸ் போடுவேன்னாரும்மா. பயந்துட்டேன். உன்ன மாத்திட்டா எல்லாம் அடங்கிடும்னு நெனச்சேன். மன்னிச்சிடு."

"கோவம் இன்னும் போகலைங்க ஐயா" என்றேன். பொய் சொல்ல வரவில்லை. "மரக்காணத்துப் பொம்பளைங்க கிட்டயும் வந்து சொல்லுங்க."

போன மாசியில் இருவரும் மரக்காணம் போனோம். தண்ணீர் டேங்க் வந்திருந்தது, கொட்டகை வரவில்லை. உப்புப் பாத்தி வரப்பில் நின்று, என்னிடம் சொன்னதையே பேராயர் அந்தப் பெண்களிடமும் சொன்னார். அவர்களில் வயதான அம்மா ஒருவர், "எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேட்டிருக்கணும்மா. கேக்கல."

பிறகு அந்த அம்மா, "வூட்ல அம்மா நல்லா இருக்காங்களா?" என்று அவர் மனைவியை விசாரித்தார்.

"அவங்க தவறி ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்ப சோறு யாரு ஆக்குறது?"

"நான்தான். டெய்லி கொழஞ்சிடுது."

அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்துவிட்டார்கள், பேராயரும்தான்.

என் கோபம் அன்றோடு தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். இப்போது அவ்வப்போது போன் செய்கிறார். எடுத்துப் பேசுகிறேன்.