ஆடாத டிரைபாட்

இன்று தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டிரைபாட் வாங்கப் போனேன்.

"கனமானது வேணாங்க்கா. இது ஹேண்ட்பேக்லயே அடங்கிடும். தனியா ஊர் சுத்தறவங்க இதைத்தான் வாங்குறாங்க" என்றார் கடைக்காரர்.

தனியாள் என்று நான் சொல்லவேயில்லை.

என் போனை அதில் மாட்டி, "சிரிங்கக்கா" என்று ஒரு படம் எடுத்துக் காட்டினார். "பாத்தீங்களா, கொஞ்சங்கூட ஆடல."

நான் படத்தின் ஓரத்தைத்தான் பார்த்தேன்.

என் கணவர் எடுக்கும் எல்லாப் படத்திலும் ஓரத்தில் அவர் கட்டைவிரல் விழுந்திருக்கும். பெரிய கோயில் கோபுரத்தையே பாதி மறைத்த விரல். போன ஐப்பசியில் அவர் இறந்த பிறகு என்னைப் படம் எடுக்க ஆளில்லை.

டிரைபாடை வாங்கிவிட்டேன். நன்றாகத்தான் நிற்கிறது.

ஓரத்தில் விரல் விழுகிற மாடல் எங்கேயாவது கிடைத்தால் சொல்லுங்கள். கனமாக இருந்தாலும் பரவாயில்லை.