நாலு கையால் எடுத்த வரிசை

என் அக்கா எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்யமாட்டாள். கடைக்குக் கிளம்பினால்கூட வாசலில் நின்று பையைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், மறுபடியும் திறப்பாள். எனக்கோ மூக்கின் மேல் கோபம். "சீக்கிரம் வாயேன்" என்று நான் கத்தாத நாளே கிடையாது. அத்தான் மட்டும், "உங்க அக்கா கிளம்பறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே போய்ப் படுப்பார்.

அவளுக்கு அமைந்த வேலையும் அப்படித்தான். நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். அவள் பெரிய கட்டடத்தில், கம்ப்யூட்டர் பிரிவில். நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளையில், டயாலிசிஸ் வரவேற்பில். நோயாளிகள் வருகிறேன், வரவில்லை என்று போன் செய்வதெல்லாம் பெரிய கட்டடத்துக்கு. அங்கே பதிவாகும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு செய்தியாகி, வரிசையில் நின்று, எங்கள் கிளையில் இருக்கும் நகல் டேட்டாபேஸுக்கு வரும். நடுவில் லைன் அறுந்தாலும் செய்தி தொலையாது, வரிசையிலேயே காத்திருக்கும். லைன் வந்ததும் எங்கள் பக்கத்து புரோகிராம் ஒன்று, ஒவ்வொன்றாக எடுத்து எழுதும். இந்த ஏற்பாட்டைச் செய்ததும் அக்காதான், கட்டி மேய்ப்பதும் அவள்தான்.

"எதுக்கு ஒண்ணொண்ணா? மொத்தமா எடுத்தா என்ன?" என்று ஒரு முறை கேட்டேன்.

"முதல்ல சொன்னது முதல்ல போகணும்டி. இல்லேன்னா கடைசியா என்ன சொன்னாங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள். தெரிந்துதான் சொன்னாள். அதனால்தான் பிறகு நடந்தது அவளை அப்படி உலுக்கியது.

சாலையைத் தோண்டியவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்கள். காலை முழுவதும் செய்திகள் வரிசையில் தேங்கி நின்றன. மதியம் லைன் வந்தும், தேங்கியது கரைவதாக இல்லை. எங்கள் கிளையிலிருந்து டாக்டர்கள் மாறி மாறிப் போன் செய்தார்கள். அக்காவின் மேலதிகாரி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "நத்தைகூட இதைவிட வேகமாப் போகும்மா" என்றார். அக்கா ரோஷப்பட்டு, எடுத்து எழுதும் புரோகிராம் போலவே இன்னும் மூன்றை ஓடவிட்டாள். நான்கும் சேர்ந்து அள்ளியதில் வரிசை நொடியில் காலியானது. அதிகாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "உனக்குக்கூட வேகம் வருமா?" என்று நானும் போனில் கிண்டல் செய்தேன்.

மறுநாள் காலை மணிக்கூண்டு வந்தார். ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக், நல்ல உயரம், ஒரு நாளும் நேரம் தவறாதவர். அதனால் நர்சுகள் வைத்த பெயர் அது. கால் வீங்கி ஷூ நுழையாமல் செருப்போடு வந்திருந்தார். பெயரைத் தட்டினேன். 'ரத்து' என்று காட்டியது.

"வரலைன்னு சொன்னீங்களா?"

"நேத்துக் காலையில சொன்னேம்மா, பேத்தி ஸ்கூல்ல வரச்சொன்னாங்கன்னு. உடனே மறுபடி கூப்பிட்டு, இல்லை வரேன்னுட்டேனே." ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கினார்.

அவருடைய மெஷினில் வேறொருவருக்கு ஏற்கெனவே ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. அவரைப் பாதியில் கழற்ற முடியாது. "நாளைக்கு வரச்சொல்லலாமா?" என்று கேட்ட நர்ஸ், மணிக்கூண்டின் காலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். நாளை வரை அவர் தாங்கமாட்டார் என்பது எனக்கே தெரிந்தது.

அக்காவுக்குப் போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் ரெண்டு தடவை கூப்பிட்டாரா?"

"ஆமா."

"இங்க வரேன்னுதான் இருக்கு. நாலு புரோகிராம் சேர்ந்து எடுத்ததுல பின்னாடி வந்த 'வரேன்' முன்னாடி ஏறி, 'வரலை' அதுக்கு மேல உட்கார்ந்துடுச்சு. என் தப்புதான்டி. நீ உன் திரையை நம்பாதே. இன்னைக்கு இருக்கிற பேரையெல்லாம் படி, நான் இங்க ஒத்துப்பார்க்கிறேன்."

ஒவ்வொரு பேராகப் படித்தேன். மூலை மெஷினுக்கு வந்தேன். கழுவித் தயாராக வைத்து, ஒரு டீச்சரம்மாவுக்காக நர்ஸ் காத்திருந்தாள்.

"இரு. அவங்க வரமாட்டாங்க," என்றாள் அக்கா. "முதல்ல காலையில வரேன்னு நேரத்தை மாத்தினாங்க. அப்புறம் மறுபடி கூப்பிட்டு, அங்க வேண்டாம்னு ரத்து பண்ணிட்டு இங்கயே மாத்திக்கிட்டாங்க. இப்போ இங்க கீழ் மாடி டயாலிசிஸ்லதான் இருக்காங்க. அந்த மெஷின் காலி."

மணிக்கூண்டை மூலை மெஷினில் படுக்க வைத்தார்கள். நான் மேஜைக்கு அடியில் குனிந்து அழுதுவிட்டேன். அவர் மெஷினைப் பறித்த அதே தப்புதான் இன்னொன்றைக் காலியாகவும் வைத்திருந்தது. அதிர்ஷ்டம் என்றேன்.

"அந்த டீச்சரம்மா இங்க வரலைன்னா?" என்றாள் அக்கா.

அன்றே மூன்று புரோகிராம்களையும் நிறுத்திவிட்டு, கிளையின் நகலை அடியிலிருந்து புதிதாக எழுதினாள். "கேபிள்காரங்க மேல பழியைப் போட்டு விட்டுடலாம்" என்றாராம் அதிகாரி. "கேபிளை வெட்டினது அவங்க. வரிசையைக் கலைச்சது நான்," என்று அவரிடமே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அத்தான் அன்று கிண்டலே செய்யவில்லை.

மணிக்கூண்டின் அடுத்த முறைக்கு அக்கா பஸ் பிடித்து எங்கள் கிளைக்கு வந்தாள். கையில் ஊசிகளோடு படுத்திருந்தவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். "அவசரப்பட்டுட்டேங்க. உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா..."

அவர் மெஷின் பக்கம் தலையைத் திருப்பினார். "இப்போ வரிசையாப் போகுதா?"

"போகுதுங்க. ஆனா மெதுவாத்தான் போகும்."

"போகட்டும்மா," என்றார். "நானும் நாலு மணி நேரம் இங்கதான் இருக்கேன்."

அக்கா சிரித்தாள். அவர் ரத்தம் சுற்றி முடியும் வரை அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. சீக்கிரம் வா என்று நானும் கூப்பிடவில்லை.