கயிறில்லாத லிஃப்டும் என் மச்சானும்

என் மச்சானைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மூட்டை தூக்கினேன், நட்டு போல்ட்டுக் கடை வைத்தேன், நாலாவது மாடியில் சொந்த வீடு வாங்கினேன். என் மனைவியின் தம்பி வேலையில்லாமல் அலைந்தபோது அதே கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டும் வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

ஒல்லியான மனிதர். ஏறுகிற எல்லோரிடமும் "மேலயா, கீழயா?" என்று கேட்பார். லிஃப்ட் தரையில் நின்றாலும் கேட்பார். அதனால் கட்டடம் முழுக்க அவருக்கு 'மேலகீழே' என்றுதான் பெயர்.

எங்கள் லிஃப்டுக்குக் கயிறு கிடையாது. மாயத்தில் ஓடுவது. கட்டடம் எழும்பியபோது பீப்பாய் பீப்பாயாக மாயத்தை லிஃப்ட் குழிக்குள் ஊற்றினார்களாம். பேரன் பேத்தி காலம்வரை தாங்கும் என்றார்களாம். மாடிப்படி கட்டவில்லை. படி வைத்தால் தன்னை நம்பவில்லை என்று மாயம் கோபித்துக்கொள்ளுமாம். பெயிண்ட் அடிக்கிறவர்களுக்காகப் பின்சுவரில் ஓர் இரும்பு ஏணி, அவ்வளவுதான். பிறகு எங்கேயும் மாயம் கிடைக்காமல் போயிற்று. ஊற்றியது மட்டும்தான் மிச்சம்.

எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மச்சானிடம் ஒரு வழி இருந்தது. காலையில் சட்டை ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்து, லிஃப்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் விடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நூல் அப்படியே அந்தரத்தில் படுத்திருக்குமாம். பிறகு தயங்கித் தயங்கி இறங்கியது. ஒருநாள் என் கடைக்கே வந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"அத்தான், இன்னைக்கு நூலு அவசரப்படுது."

"வெளிய மூச்சு விடாதீங்க மச்சான். ஜனங்க மிரண்டுருவாங்க."

எப்படியோ தெரிந்து மிரளத்தான் செய்தார்கள். லிஃப்டின் உள்சுவரில் மாயம் சாம்பல் பூத்த மாதிரி படியும். ஒரு சிட்டிகை இருந்தால் காய்ச்சல் இறங்கும், இருமல் நிற்கும். தீரப்போகிறது என்றதும் ஆளாளுக்கு நகத்தால் சுரண்டி டப்பாவில் பதுக்க ஆரம்பித்தார்கள். தீர்ந்துவிடுமே என்ற பயத்திலேயே தீர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மச்சானின் ஒரே மகளை எட்டாவது மாடியில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. வீட்டில் மாமியாரும் அவளும்தான். அவள் மாசமாக இருந்தாள். பிரசவம் வரை என் கடைக்குப் பின்னாலுள்ள அறையில் வந்து இருக்கட்டும் என்று நானே போய்க் கேட்டேன். சம்பந்தியம்மா சிரித்தாள்.

"ஏண்ணே, லிஃப்டுக்காரர் பொண்ணுக்கே லிஃப்டுன்னா பயமா? அப்ப நாங்கல்லாம் பறந்தா போறது?"

ஒரு மதியம் எட்டாவது மாடியிலிருந்து அலறல். பனிக்குடம் உடைந்து ரத்தமும் போக ஆரம்பித்திருந்தது. அன்று காலை நூல் கல் மாதிரி விழுந்தது மச்சானுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஏணியில் அவளை இறக்க முடியாது. மச்சான் லிஃப்டை மேலே கொண்டுபோய், மகளைத் தன் ஸ்டூலில் உட்கார வைத்தார். பழக்கத்தில் "மேலயா, கீழயா?" என்று கேட்டாராம். "அப்பா, விளையாடாதீங்க" என்று அவள் அழுதாளாம்.

என் வீட்டு வாசலுக்குச் சற்று மேலே லிஃப்ட் திணறியது. நின்றது, ஒரு முழம் சறுக்கியது, மறுபடி நின்றது. சாப்பிட வந்திருந்த நான் கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தேன். இந்த வயதில் வேறு எவனாலும் முடியாது. என் நெஞ்சுக்கு நேரே அவள் பாதங்கள். அதற்கு அடியில் வெறும் இருட்டு.

"மாமா, கீழ இழுக்குது மாமா!"

"அசையாதே கண்ணு. மெதுவா மூச்சு விடு."

அவளை வெளியே இழுத்துப்போட்டாலும் நாலாவது மாடியோடு சரி. ஆஸ்பத்திரி இருப்பது தரையில். குழிக்குள் தலையை நீட்டிக் கத்தினேன். நெரிசலில் லாரிகளை நிறுத்திய குரல் இது.

"டப்பால வச்சிருக்கிறதை எல்லாம் கொட்டுங்க!"

"எங்க வீட்ல ஏதுண்ணே?" என்றது ஆறாவது மாடி. "சத்தியமா இல்லை" என்றது ஏழாவது மாடி. அந்தம்மாவின் நகக்கண்ணில் சாம்பலை நானே பார்த்திருக்கிறேன்.

லிஃப்ட் இன்னொரு முழம் சறுக்கியது. மச்சான் மகளின் கண்ணைப் பொத்தினார்.

அப்போது உச்சியில் ஒரு கதவு திறந்தது. சம்பந்தியம்மா. கையில் பெரிய பவுடர் டின். "அண்ணே, தலையை உள்ள இழுங்க!" என்று முழுவதையும் கவிழ்த்தாள். கட்டடத்திலேயே அதிகம் சுரண்டியவள் அவள்தான் என்று அன்றுதான் தெரிந்தது. சாம்பல் புகை மாதிரி இறங்க, லிஃப்ட் நடுங்கிப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்துத்தான் மற்ற டப்பாக்களும் திறந்தன. என் குரலுக்குத் திறந்தன என்பேன். மச்சான் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். லிஃப்ட் தரையைவிட்டு மறுபடி எழவில்லை. காலில் வலுவுள்ளவர்கள் ஏணியில் இறங்கிப் போனார்கள். என் மனைவியை நான் முதுகில் சுமந்தே இறக்கினேன். சம்பந்தியம்மாவுக்கு முட்டி மடங்காது. தீயணைப்புக்காரர்களின் ஏணியும் மாயத்தில் நீள்வதுதான், அதுவும் நீளவில்லை.

"கயித்துல கட்டி இறக்குறேன்மா" என்றேன்.

"நான் என்ன உங்க மூட்டையா?" என்று மேலிருந்து பதில் வந்தது.

அவளுக்குச் சாப்பாடு கயிறு கட்டிய வாளியில் ஏறும். காலையில் அவள் ஒரு நூலைக் குழிக்குள் விடுவாள். மச்சான் லிஃப்டின் கூரைமேல் நின்று உள்ளங்கையை விரித்துக் காத்திருப்பார். "விழுந்துருச்சும்மா" என்பார். "சரி, நாளைக்குப் பாப்போம்" என்பாள்.

நேற்று நூல் வரவில்லை.

"மாயம் திரும்பிருச்சு அத்தான்! நூலு நடுவுல மிதக்குது!" என்று மச்சான் துள்ளினார். கூப்பிட்டோம், பதில் இல்லை. வாளியும் இறங்கவில்லை.

நான் ஏணியைப் பிடித்தேன். "வேணாம் அத்தான், உங்க வயசுக்கு..." என்றார். "மூட்டை சுமந்த உடம்பு மச்சான் இது" என்றேன். ஏழாவது மாடியைத் தாண்டும்போது ஏணி சுவரைவிட்டு அசைந்தது. ஒரு போல்ட் கழன்று போய், அது தரையைத் தொட்ட சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. என் கடைச் சரக்காக இருந்தால் கழன்றிருக்காது. எட்டாவது மாடி ஜன்னலுக்குள் நான் விழுந்தேன்; ஏணியின் மேல்பாதி பெயர்ந்து கீழே போயிற்று.

சம்பந்தியம்மா குழியின் வாசலில் சுருண்டு கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. ஒரு சிட்டிகைக்காக வீடு முழுக்கத் தேடினேன். பவுடர் டின்னைக்கூட அவள் கழுவிக் கவிழ்த்திருந்தாள்.

"நூலு தீந்துபோச்சுண்ணே" என்றாள், கண்ணைத் திறக்காமலே.

மாத்திரை வாளியில் ஏறி வந்திருக்கிறது. அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். இறங்க ஒரு வழி கண்டுபிடிப்பேன். நான் யோசித்து நடக்காத காரியம் கிடையாது. இன்று காலை என் சட்டை ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்துக் குழிக்குள் விட்டேன். இரண்டு கையாலும் பிடித்துத்தான் விட்டேன். உயரத்தில் காற்று அதிகம்.

காது கொடுத்துக் குனிந்திருந்தேன். பிறகு மச்சானின் குரல் மெல்ல ஏறி வந்தது.

"விழுந்துருச்சு அத்தான்."