காருக்கு அடியில் இறங்கிய பூமி

என் காருக்கு அடியில் பூமி இறங்குகிறது என்றுதான் முதலில் நம்பினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. திருச்செங்கோட்டில் பொறியியல் கல்லூரி ஒன்றில் இருபது வருடமாகக் கணக்குப் பாடம் நடத்துகிறவன் நான். ஆனால் அந்த வாரம் பக்கத்து வீட்டில் தண்ணீருக்குப் போர் போட்டிருந்தார்கள். ஆயிரத்து இருநூறு அடி. இரண்டு பகல் முழுக்க ரிக் வண்டி இடித்த இடியில் எங்கள் சமையலறை டம்ளர்கள் தாமாகவே நடந்து அலமாரி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தன. பாறைத் தூள் கார் மேல் விபூதி மாதிரி படிந்தது. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கார் குட்டையாகியிருந்தது.

அது பழைய வெளிநாட்டுக் கார். ஒரு காலத்தில் பெரிய அதிகாரிகள் பின்சீட்டில் சாய்ந்துகொண்டு போன ரகம். மற்ற கார்களில் ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் இதில் ஆயிலும், இரும்புக் குண்டுகளுக்குள் அடைத்த வாயுவும்தான் இருக்கின்றன. சாவியைத் திருப்பினால் படுத்திருந்த எருமை எழுவது போல முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் எழும்; நிறுத்தி வைத்தால் ஓரிரு அங்குலம்தான் இறங்கும். ஆயில் குறைந்தால் வண்டி படுத்துவிடும் என்று, எங்களுக்கு அதை விற்ற மேட்டூர்க்காரர் அரை மணி நேரம் விளக்கினார். வகுப்பில் என் மாணவர்கள் எனக்குத் தலையாட்டுவார்களே, அதே மாதிரி நானும் அவருக்குத் தலையாட்டினேன்.

இந்தக் காரை வாங்கியது என் மனைவிக்காக. அவளுக்கு முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தது. குலுங்கக் கூடாது என்றார் டாக்டர். எங்கள் பழைய காரில் சேலம் போய் வரும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வாள். இந்தக் காரை ஓட்டிப் பார்த்த அன்று மேட்டூர் ரோட்டில் நாலு வேகத்தடை தாண்டினோம். அவள் மேலே இருந்த கைப்பிடியைப் பிடிக்கவே மறந்துவிட்டாள். "வலிக்கலீங்க" என்றாள். நான் வேறு எதையும் விசாரிக்கவில்லை.

இப்போது அவளுக்கு இடது பாதம் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. தள்ளிப்போடாமல் மறுநாள் காலையே சேலத்துக்கு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த நேரம் பார்த்துத்தான் கார் குட்டையானது.

கார் வாங்கிய புதிதில், போர்ட்டிகோவுக்குள் நுழையுமோ நுழையாதோ என்ற பயத்தில், கூரைக்கும் கார் தலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்து சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். டேப்பை எடுத்து வந்து மறுபடி அளந்தேன். ஐந்து அங்குலம் கூடியிருந்தது. முடிந்தது கதை. பூமி ஐந்து அங்குலம் போய்விட்டது. சக்கரத்தையும் அதன் கீழே விரிசல் இல்லாமல் கிடந்த சிமெண்டையும் ஒரு தரம் குனிந்து பார்த்திருக்கலாம். குனியவில்லை. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், கை கழுவிக்கொண்டிருந்தவரிடம், உங்கள் போரால் என் வீட்டுக்கு அடியில் பள்ளம் விழுந்துவிட்டது என்று சத்தம் போட்டேன்.

அவர் ரிக் வண்டி ஓனர். பாதி இந்தியாவில் ஓட்டை போட்டவர். நிதானமாகத் துண்டில் கையைத் துடைத்தார்.

"ஏனுங்க சார், பூமி எறங்குனா ஊடு எறங்காம காரு மட்டும் எப்படீங்க எறங்கும்?"

அவரே வந்து, வெள்ளை வேட்டியோடு தரையில் படுத்து, காருக்கு அடியில் கையை விட்டு ஒரு விரலை எடுத்துக் காட்டினார். விரலில் பச்சையாக ஆயில். தன் ஷெட்டில் ரிக் ஹைட்ராலிக் வேலை பார்க்கிற மெக்கானிக்கை மதியத்துக்குள் கூட்டி வருவதாகவும், அதுவரை நான் எதையும் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். போகிற வழியில் தெருவில் இரண்டு பேரிடம் நின்று பேசினார். அவர்கள் என் வீட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

எதையும் தொடாமல்தான் இருந்திருப்பேன். அப்போது என் மனைவி சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று கூடத்திலேயே கழன்று கிடந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

உடனே வண்டியை எழுப்பியாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. மேட்டூர்க்காரர் சொன்னதில் எனக்கு ஞாபகம் இருந்தது ஒரே வாக்கியம்: இந்த வண்டியில் பிரேக்குக்கும் இதே ஆயில்தான். ஆகவே இது பிரேக் ஆயில். பரீட்சையில் இப்படி நிரூபிக்கிறவனுக்கு நான் முட்டை போடுவேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடிப்போய் பிரேக் ஆயில் வாங்கி வந்து, பானெட்டுக்குள் இருந்த அந்தப் பச்சை ஆயில் டேங்க்கின் மூடியைத் திறந்து அரை லிட்டர் ஊற்றினேன். சாவியை எடுக்கத் திரும்பும்போது தெருவில் பக்கத்து வீட்டுக்காரரின் ஜீப் சத்தம் கேட்டது; காலி டப்பாவைச் செம்பருத்திச் செடிக்குப் பின்னால் வைத்தேன்.

சொன்ன நேரத்துக்கு மெக்கானிக் வந்தார். என் வயதுதான் இருக்கும். முன்கை முழுக்கச் சூடு பட்ட தழும்பு. ஜாக்கி வைத்து, கட்டையும் கொடுத்து, அடியில் போனார். டேங்குக்கு ஆயில் திரும்புகிற ரப்பர் குழாய் வெடித்திருப்பதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். ரிக்குக்கு மாட்டுகிற குழாயையே அளவாக வெட்டி, கிளிப் போட்டு முறுக்கினார். மொத்தம் ஒரு மணி நேரம். எழுப்பிப் பார்த்துவிடலாம் என்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவர், ஆயில் ஏதாவது ஊற்றினேனா என்று சும்மா கேட்டார்.

இல்லை என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். காலையில் பூமி, மதியம் பிரேக் ஆயில் என்று ஒரே நாளில் இரண்டு பட்டம் வாங்க எனக்கு மனமில்லை.

மெக்கானிக் சாவியைச் செருகினார். நான் செம்பருத்தியைப் பார்த்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் மனைவியும் செம்பருத்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க" என்றாள். அவ்வளவுதான்.

"ஊத்தினேன். அரை லிட்டர். பிரேக் ஆயில்."

சூடு பட்டதுபோல் சாவியிலிருந்து கையை எடுத்தார் மெக்கானிக். இறங்கி வந்து டேங்க்கைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் டேங்க்கைப் பார்த்தே பேசினார்.

"ஸ்டார்ட் பண்ணியிருந்தா உள்ள இருக்கிற ரப்பர் சீலெல்லாம் ஊதிப்போயிருக்குமுங்க. நாளைக்கு அக்காவ உக்கார வெச்சுட்டு, சங்ககிரிப் பாலத்து எறக்கத்துல பிரேக்க மிதிச்சிருப்பீங்க."

பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டேங்க்கைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்றார்கள். பில்டரைத் துடைத்துக் காய வைக்க வேண்டும், டேங்க்கிலிருந்து பம்புக்குப் போகிற குழாயையும் கழற்றி ஊத வேண்டும். கழுவிய ஆயிலைத் திரும்ப ஊற்றவும் முடியாது. ஸ்டெப்னியை எடுத்தபோது அதன் அடியில் மேட்டூர்க்காரர் வைத்துக் கொடுத்திருந்த பச்சை ஆயில் டப்பா இரண்டு இருந்தன. சீல்கூடப் பிரிக்கவில்லை. இரண்டும் கழுவுவதற்கே சரியாகப் போயிற்று. ஊற்றுவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது.

பூமி இறங்கவில்லை. வெடித்தது ஒரு ரப்பர் குழாய், அதை ஒரு மணி நேரத்தில் மாற்றினார்கள். நான் ஊற்றியதை எடுக்க மூன்று நாள் ஆயிற்று. மறுநாள் காலை என் மனைவி பக்கத்து வீட்டுக்காரரின் ஜீப்பில், முதுகுக்கு மூன்று தலையணை வைத்து, பல்லில் துண்டோடு சேலம் போனாள். வழியில் ஐந்து இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.