யசோதா மாட்டிக்கொண்ட வெள்ளிக்கிழமை

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்த யசோதா, அல்சூர் ஏரியை ஒட்டிய ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கச் சேர்ந்தாள். பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள்; 2003இல் அங்குள்ள கணினிகளின் நெட்வொர்க் அவள் பொறுப்பில் இருந்தது.

லினக்ஸ் கணினிகளில் நெட்வொர்க் கோளாறைத் தேட ‘இஃப்கான்ஃபிக்’ என்ற பழைய டூலையே எல்லோரும் பயன்படுத்தினார்கள். அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடவேண்டும் என்று யசோதா மேலாளர் கோவிந்தராஜனை நச்சரித்தாள். ஓடுகிற வண்டியை ஏன் பிரிக்கவேண்டும் என்பார் அவர். கடைசியில், வெள்ளிக்கிழமை மாலை செய்து காட்டு, எனக்குப் பிடிக்கவில்லையென்றால் இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை மின்னஞ்சல் தடுமாறியது. பாதிப் பேருக்கு வந்தது, பாதிப் பேருக்கு வரவில்லை. நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக இருக்கவேண்டிய எண் முகவரியில், மெயில் சர்வருடையதை வேறொரு கணினியும் வைத்திருக்கிறது என்று கோவிந்தராஜன் கண்டுகொண்டார். பழைய டூலோடு ஒவ்வொரு மேசையாகப் போனார். யசோதாவின் கணினி உட்பட எல்லாம் சுத்தம்.

யசோதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தைய நாள் ஒத்திகைக்காகப் புதிய டூலில் தன் கணினிக்கு இரண்டாவது முகவரி கொடுத்திருந்தாள். யோசிக்காமல் கை போட்டது, அவளுக்கு மனப்பாடமான மெயில் சர்வர் முகவரியை. அப்படிக் கொடுத்த முகவரி பழைய டூலின் கண்ணில் படாது. சத்தமில்லாமல் அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் இதைவிட நல்ல சாட்சி வேறு கிடைக்குமா?

“சார், டெமோவை இப்பவே வச்சுக்கலாமா?”

எல்லோரும் அவள் மேசையைச் சூழ்ந்தார்கள். பழைய டூல் ஒரு முகவரியைக் காட்டியது. புதியது இரண்டைக் காட்டியது; இரண்டாவது, மெயில் சர்வரின் முகவரி.

“திருடி மாட்டிக்கிட்டா, குரு” என்றான் எல்லோரையும் பெங்களூர்ப் பாணியில் ‘குரு’ என்றே கூப்பிடும் பக்கத்து மேசை நாகேஷ்.

கோவிந்தராஜன் கண்ணாடியைக் கழற்றினார். “நீயே பூட்டிட்டு, என்னை ஊரெல்லாம் சாவி தேட வச்சியாம்மா?”

“உங்க டூல் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்ல சார். அதனாலதான் அதைத் தூக்கணும்ங்கறேன்.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு மேசை மேசையாகப் பரவி, டீ கொண்டுவந்தவர் காரணம் தெரியாமலே கலந்துகொண்டார். யசோதா அந்த இரண்டாவது முகவரியை அழித்ததும் மின்னஞ்சல் சரியானது; அனுமதியும் கிடைத்தது.

மாலைக்குள் எல்லாக் கணினிகளிலும் டூல் மாறியது. கோவிந்தராஜன் தம் இடத்துக்குப் போய், பழக்கதோஷத்தில் பழைய பெயரையே தட்டினார். திரையில் யசோதா எழுதிவைத்திருந்த வரி வந்தது: ‘அவர் ரிட்டயர் ஆயிட்டார் சார், புதுசைக் கேளுங்க.’

அவர் மறுபடியும் அதையே தட்டினார். அன்று வீட்டுக்குக் கிளம்பும்வரை தட்டிக்கொண்டே இருந்தார்.