நல்ல விமர்சனம்

தொலைக்காட்சி நிலையத்தில் அவருக்கு ‘வசனம்’ என்றே பெயர். ஊரைச் சிரிக்க வைக்கும் வசனங்களை எழுதுகிறவர். வீட்டிலோ வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள்.

இருபது வருடத்தில் அவர் மனதாரச் செய்த தொடர் ‘வாங்க போதகரே’. வேலை போன ஒருவன் ஒரு சிற்றூரில் வந்து இறங்குகிறான். வரவேண்டிய புதுப் போதகர் அவன்தான் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல் அவனும் தங்கிவிடுகிறான். படிப்பும் இல்லை, பக்தியும் இல்லை; ஆனால் ஒரு வீட்டில் சாவு என்றால் விடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.

முதல் வாரமே பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்து ஆடின. ‘மதத்தின் பெயரால் ஏமாற்றுகிறவர்களுக்குச் சரியான சவுக்கடி’ என்றது ஒன்று. ‘போலியின் முகமூடி கிழிந்தது’ என்றது இன்னொன்று. இயக்குநர் அவற்றை ஒப்பனை அறைக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார். ஒரே ஒரு மாலைப் பத்திரிகை மட்டும் திட்டியது: ‘இந்தத் தொடர் ஏமாற்றுக்காரனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவனுக்காக அழுகிறது. நகைச்சுவைத் தொடருக்கு இது பெருங்குறை.’

வசனம் அதைத்தான் கத்தரித்து எடுத்துக்கொண்டார். எழுதியதைப் புரிந்துகொண்டவர் அந்த ஒருவர்தான்.

அவருடைய அண்ணன் நிஜமான போதகர். முந்தைய வருடம் இறந்துபோனார். மருத்துவமனைப் படுக்கையில் தம்பியிடம் மட்டும் ஒன்று சொன்னார். “ஏழு வருஷமா ஜெபம் பண்ணினா மேல யாரும் கேக்கற மாதிரித் தோணலடா. ஆனா கீழ இருக்கறவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்களே, எப்படி நிறுத்தறது? உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத.”

தொடர் பிறந்தது அங்கேதான். அண்ணன்மேல் இருந்த பாசத்தை வசனத்துக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணி ஒரு கண் மருத்துவமனையில் சீட்டு எழுதித் தரும் வேலையில் இருந்தார். அங்கே வருகிறவர்கள், “அம்மா, அந்தத் தொடர்ல வர்றவர் அப்படியே உங்க வீட்டுக்காரர்தான்” என்று பத்திரிகையை நீட்டினார்கள். நாலாவது வாரம் அண்ணி வரச் சொன்னார்.

சமையலறை மேஜைமேல் விமர்சனங்கள் அடுக்கியிருந்தன.

“தொடர்ல அவன் பேசறதுக்கு முன்னாடி தண்ணி கேக்கறது, குடிக்காமலே வச்சிடறது. அவர்தானே தம்பி?”

“ஆமா அண்ணி.”

“அப்ப போலின்னு இவங்க எழுதறதும் அவரைத்தானா?”

“அது சும்மா கதைக்காக…”

அண்ணி தாள்களை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். “கடைசி வருஷங்கள்ல சாப்பிட உக்காந்தா, ‘இன்னைக்கு நீ ஜெபம் பண்ணு’ன்னு என்கிட்டயே தள்ளிவிடுவார். எனக்குப் புரியாதா? அவரே சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். சொல்லவே இல்ல.” சற்று நிறுத்தினார். “உன்கிட்ட சொல்லியிருக்காரு.”

“சொல்லாதன்னு சொன்னார் அண்ணி.”

“அதான் ஊருக்கே சொல்லிட்டியா?”

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் வசனம் தாங்கியிருப்பார்.

மறுநாளே வசனம் தொடரை விட்டு விலகினார். வேறொருவர் எழுதி முடித்தார். கடைசி வாரத்தில் அந்தப் போலியை ஊரே கல்லெறிந்து துரத்தியது. ‘துணிச்சலான முடிவு’ என்று பத்திரிகைகள் ஒரே குரலில் மெச்சின. வசனம் செய்திப் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போனார். அதற்குப் பிறகு நகைச்சுவை எழுதவே இல்லை.

அண்ணி வீட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. குழாய் ஒழுகினால் சரிசெய்வார், தேநீர் குடித்துவிட்டுக் கிளம்புவார். வானிலை, முழங்கால் வலி, இவைதான் பேச்சு. இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிராமலே கேட்டார். “அதை உன்கிட்ட சொல்லும்போது அழுதாரா?”

“இல்ல அண்ணி. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.”

“சிரிச்சாரா…”

மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டு, கணவரின் சாவு வீட்டில்கூட அழாத அந்த அம்மாள் அன்றைக்கு அழுதார். வசனம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.